கொல்லிமலை, சேந்தமங்கலம் ஒன்றியங்களில் குக்கிராம அளவில் மக்கள் தொகை வரைபடம்: எந்தத் தரவை எடுப்பது?

மலைப்பாதை:
எல்லோருக்கும் வணக்கம். நாமக்கல் பக்கம் ஒரு சிறிய அறக்கட்டளையில் வேலை பார்க்கிறேன். கொல்லிமலை, சேந்தமங்கலம் இரண்டு ஒன்றியங்களுக்கும் சேர்த்து ஒரு நடமாடும் மருத்துவ வண்டி விடப்போகிறோம். வண்டி எங்கெங்கே நிற்பது என்று முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அரை மணி நேர நடையில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அது முடியும்.

கையில் இருப்பவை: 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின் கிராம அட்டவணை, வேர்ல்ட்பாப் 100 மீட்டர் ராஸ்டர் (நிலத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஆள் எண்ணிக்கை தரும் கோப்பு), ஜிஎச்எஸ்-பாப், மெட்டாவின் 30 மீட்டர் அடர்த்தி வரைபடம். க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். மலையில் ஒரு சரிவில் ஆளே இல்லை என்கிறது ஒன்று. அதே சரிவில் காடு முழுக்க அரை ஆள், கால் ஆள் என்று தூவியிருக்கிறது இன்னொன்று. கீழே சேந்தமங்கலம் பக்கம், ஊருக்கு வெளியே தோட்டங்களுக்கு நடுவில் ஊரைவிடப் பெரிய கூட்டம் காட்டுகிறது. இவற்றில் எதை எடுத்துக்கொள்வது? சராசரி எடுக்கலாமா?

கட்டம்100:
சராசரி வேண்டாம். இவற்றை மூன்று தனித்தனி சாட்சிகளாக நினைக்கக் கூடாது. இந்தியாவைப் பொறுத்தவரை எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பது 2011 கணக்கெடுப்புதான். அந்த எண்ணை முன்னோக்கி வளர்த்து, நிலத்தின்மேல் எப்படிப் பிரித்துப் போடுகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சீசின் மையம் தந்த ஜிபிடபிள்யூ மிக எளிமையானது. ஒரு நிர்வாக எல்லைக்குள் இருக்கும் மக்களைப் பரப்பளவுக்கு ஏற்றபடி சமமாகப் பரப்பிவிடும். காடு, பாறை என்ற பேதமெல்லாம் அதற்குப் பெரும்பாலும் இல்லை. ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் அந்த எண்ணையே எடுத்து, செயற்கைக்கோள் படத்தில் கட்டடம் தெரியும் இடங்களில் மட்டும் வைக்கிறது. அதுதான் ஜிஎச்எஸ்-பாப். 1975 முதல் 2030 வரை ஐந்தாண்டுக்கு ஒன்றாகக் கிடைக்கிறது. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் வேர்ல்ட்பாப், சாலை, சரிவு, இரவு வெளிச்சம், நிலப்பயன்பாடு என்று பலவற்றைப் போட்டு, ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற கணினிக் கற்றல் முறையில் எடை (எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு பங்கு என்ற அளவு) கண்டுபிடித்துப் பிரிக்கிறது. அதில் இரண்டு வகை உண்டு. கட்டுப்படுத்தப்படாத வகை நிலம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக ஆள் போடும். கட்டுப்படுத்தப்பட்ட வகை குடியிருப்பு தெரிந்த கட்டங்களில் மட்டும் போடும். உங்கள் காட்டில் கால் ஆள் நிற்கிறார் என்றால் நீங்கள் இறக்கியது முதல் வகை.

மெட்டா கட்டடம் இருக்கும் சிறு கட்டங்களைப் படத்திலிருந்து கண்டுபிடித்து அவற்றுக்கு மக்களைப் பகிர்கிறது. ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தின் லேண்ட்ஸ்கேன் வேறு மாதிரி. ஒரு நாளின் 24 மணி நேரச் சராசரியில் ஆட்கள் எங்கே இருப்பார்கள் என்று சொல்வது அது. வீடு எங்கே என்ற உங்கள் கேள்விக்கு அது ஆகாது.

உங்கள் வேலைக்கு வேர்ல்ட்பாப் கட்டுப்படுத்தப்பட்ட வகை போதும் என்பது என் கருத்து.

நிலஅளவை_ஓய்வு:
தம்பி, போதாதுங்க. வருவாய்த் துறையில நில அளவைப் பிரிவுல வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அடியில கிடக்குறது 2011 கணக்குன்னு சொன்னீங்க, சரி. அந்தக் கணக்கு எந்த அலகுல கிடைக்குதுன்னு பார்க்கணும்.

சென்சஸ்ல ஊர்ப்புறத்துக்கு 'கிராமம்'னா வருவாய் கிராமம். ஒரு வருவாய் கிராமத்துக்குள்ள தாய் கிராமம், காலனி, தோட்டத்து வீடுகள், கரட்டு ஓரம் நாலு வீடுன்னு பல குடியிருப்பு இருக்கும். எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே எண்தான் வெளியே வரும். கணக்கெடுப்பாளர் போன சிறு வட்டாரங்களோட எல்லை வரைபடமா நமக்குக் கிடைக்காது. அது போக, ஊராட்சி எல்லையும் வருவாய் கிராம எல்லையும் பல இடத்துல ஒண்ணா இருக்காது. தமிழ்நாட்டுல கிராம ஊராட்சி ஏறக்குறைய 12,500. அதுக்குள்ள குக்கிராமம் 79 ஆயிரத்துக்கு மேல. கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு ஊராட்சிக்கு ஆறுக்கு மேல வருது. மலையில இன்னும் அதிகம். கொல்லிமலை ஒன்றியத்துல 14 ஊராட்சி, எல்லாம் வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடுன்னு 'நாடு'ன்னு முடியுற பேரு. ஒவ்வொரு நாடும் பல மேடு பள்ளம் தாண்டிக் கிடக்குது. ஒரு நாட்டுக்கு ஒரு எண்ணை வச்சு வண்டி எங்க நிக்கணும்னு எப்படிச் சொல்வீங்க?

இன்னொண்ணு. 2011-ல நாமக்கல் மாவட்டத்துல நாலு வட்டம்தான்: நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, பரமத்தி வேலூர். இப்போ எட்டு. சேந்தமங்கலமும் கொல்லிமலையும் அப்போ தனி வட்டம் இல்ல. இன்னைக்கு இருக்குற வட்டப் பேரை வச்சு பழைய அட்டவணையில தேடுனா கிடைக்காது. பேரை வச்சுச் சேர்க்காதீங்க, கிராமக் குறியீட்டு எண்ணை வச்சுச் சேருங்க.

எல்லைக்கோடு:
ஐயா சொன்னதோடு ஒன்று. 2011 கிராமங்களின் எல்லைப் பலகோணங்களும், 1991, 2001, 2011 குறியீடுகளை ஒன்றோடொன்று பொருத்தும் அட்டவணையும் 'ஷ்ரக்' என்ற திறந்த தொகுப்பில் கிடைக்கின்றன. இன்றைய ஊராட்சிப் பெயர்களுக்கு மத்திய அரசின் உள்ளாட்சி அடைவு, அதாவது எல்ஜிடி குறியீடு. இரண்டையும் இணைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மலைப் பகுதியில் பலகோண எல்லையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். சில இடங்களில் கோடு சில நூறு மீட்டர் தள்ளிக் கிடக்கும்.

தீவனமூட்டை:
சேந்தமங்கலம் பக்கம் ஊருக்கு வெளியே கூட்டம் காட்டுதுன்னு எழுதியிருந்தீங்க. அந்த இடத்தைச் செயற்கைக்கோள் படத்துல திறந்து பாருங்க. நீளமா, பட்டை பட்டையா, ஒண்ணுக்கொண்ணு இணையா கூரைகள் தெரியுதா? அது கோழிப்பண்ணை. நாமக்கல்லுன்னா முட்டைதானே!

சாதாரண கூண்டுக் கொட்டகை ஒண்ணு 300 அடி நீளம், 30 அடி அகலம்னு வச்சுக்குங்க. 9,000 சதுர அடி. நம்ம ஊர் வீடு 600 சதுர அடின்னா ஒரு கொட்டகை 15 வீட்டுக்குச் சமம். வீட்டுக்கு நாலு பேர்னா 60 பேர். எட்டுக் கொட்டகை இருக்குற பண்ணையில கிட்டத்தட்ட 500 பேரைக் கணினி குடிவச்சுடும். உண்மையில அங்க இருக்குறது முட்டை எடுக்குற, தீவனம் போடுற சில குடும்பங்கள்.

இன்னும் மோசம் என்னன்னா, அந்த 500 பேர் வானத்துல இருந்து வர்றதில்ல. கிராமத்து மொத்த எண் மாறாது. ஆகவே பக்கத்துக் காலனியில இருந்து அவங்களை எடுத்துத்தான் பண்ணைக்குக் கொடுக்குது. காலனி வரைபடத்துல காலியாயிடும்.

அதேபோல ஜவ்வரிசி ஆலை. மாவு காயப் போடுற சிமென்ட் களம் ஏக்கர் கணக்குல வெள்ளையா இருக்கும். படத்துல கூரை மாதிரியே தெரியும்.

மலைப்பாதை:
பார்த்துவிட்டேன் அண்ணா. அப்படியே பண்ணைதான். ஒரு இடத்தில் பட்டைகளுக்குப் பக்கத்திலேயே தீவன அரவையும் இருக்கிறது. அதன் கிழக்கே ஓட்டு வீடுகளாக ஒரு தெரு தெரிகிறது. அங்கே அந்த ராஸ்டரில் மிகக் குறைவான ஆட்கள்தான். நீங்கள் சொன்னபடி இடம் மாறியிருக்கிறது.

அப்படியானால் கட்டட வடிவங்களை நேரடியாக எடுத்து, பண்ணைகளை நீக்கிவிட்டு நாமே பிரித்துப் போடலாமா?

கட்டம்100:
செய்யலாம். கூகுள் ஓப்பன் பில்டிங்ஸ் மூன்றாம் பதிப்பு (2023) இந்தியாவுக்கும் கிடைக்கிறது. உலகத்தில் அது தரும் மொத்தக் கட்டடங்கள் 180 கோடி. ஒவ்வொன்றுக்கும் பலகோணம், பரப்பளவு, நம்பகத்தன்மை மதிப்பெண் இருக்கும். மைக்ரோசாஃப்ட் தொகுப்பும் உண்டு. இரண்டிலும் கட்டடம் வீடா, கடையா, கொட்டகையா என்ற தகவல் கிடையாது. நீள அகல விகிதம் நாலுக்கு மேல், பரப்பு 300 சதுர மீட்டருக்கு மேல் என்று வடிகட்டினால் பண்ணைகள் பெரும்பாலும் போய்விடும். மிச்சத்தில் வருவாய் கிராமத்தின் மொத்தத்தைப் பகிருங்கள். பரப்பளவை எடையாக வைக்காமல், வீட்டுக்கு ஒன்று என்று எண்ணிக்கையை எடையாக வைத்தால் பெரிய கட்டடங்களின் இழுப்பு இன்னும் குறையும்.

தேயிலைச்சரிவு:
அந்த வடிகட்டியை நாமக்கல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான் வால்பாறைக்காரன். எங்கள் எஸ்டேட் லயன் வீடுகள் எல்லாம் நீளமான ஒரே கூரைதான். அதற்கு அடியில் எட்டு, பத்துக் குடும்பங்கள் இருக்கும். உங்கள் விதிப்படி பெரிய லயன் எல்லாம் பண்ணையாகி நீங்கிவிடும். சின்ன லயன் தப்பித்தாலும் ஒரு வீடாகத்தான் எண்ணப்படும். பங்களா ஒரு வீடு, நாற்பது பேர் இருக்கும் லயனும் ஒரு வீடு. தோட்டத் தொழிலாளிகளை வரைபடத்திலிருந்து துடைத்தெறிவதற்கு இதைவிட எளிய வழி இல்லை. ஒரு மாவட்டத்தில் எழுதிய விதியை அடுத்த மாவட்டத்துக்கு அப்படியே தூக்கிப் போகாதீர்கள்.

கட்டம்100:
மறுக்க ஒன்றுமில்லை. விதி அந்தந்த வட்டாரத்துக்குத் தனியாக இருக்க வேண்டும். கொங்குச் சமவெளியில் வீடுகள் தோட்டத்துக்குத் தோட்டம் சிதறியிருக்கும். தஞ்சைப் பக்கம் தெருவாக ஒட்டியிருக்கும், பல வீட்டுக் கூரைகள் ஒரே பலகோணமாகச் சேர்ந்துவிடும். அங்கே எண்ணிக்கையைவிடப் பரப்பளவு நல்ல எடை.

செவிலியக்கா:
கிராம சுகாதார செவிலியராக மலையிலும் கீழேயும் வேலை பார்த்திருக்கிறேன். நீங்கள் எல்லோரும் மேலே இருந்து பார்க்கிறீர்கள், நான் கீழே இருந்து சொல்கிறேன்.

கொல்லிமலையில் சில்வர் ஓக் மரத்தில் மிளகு ஏற்றியிருப்பார்கள், அடியில் காப்பி, வீட்டை ஒட்டிப் பலா. சிறிய வீடு மரத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும். வாசலில் நின்றாலே பாதிக் கூரைதான் தெரியும், படத்தில் எப்படித் தெரியும்? வெயில் படும் மேட்டில் இருக்கும் பள்ளிக்கூடமும் காங்கிரீட் வீடும் நன்றாக விழும். ஆகக் கட்டடத்தை மட்டும் நம்பினால் வசதியுள்ளவர் வீடு கணக்கில் வரும், இல்லாதவர் வீடு விடுபடும். மருத்துவ வண்டிக்கு இதைவிடக் கேடு என்ன இருக்கிறது?

துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்பது விதிமுறை. அந்த எல்லைக்குள் ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் எத்தனை வீடு, எத்தனை குழந்தை, எத்தனை கர்ப்பிணி என்று செவிலியரிடம் கணக்கு இருக்கும். பிக்மி என்ற அரசின் கர்ப்பிணிகள், குழந்தைகள் பதிவு குக்கிராமம் வரை தெரியும். அங்கன்வாடியில் குழந்தைகள் கணக்கு. 2021-இல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபின் சர்க்கரை, இரத்த அழுத்த நோயாளிகள் பட்டியலும் வீடுவாரியாக இருக்கிறது. உங்கள் வண்டிக்குத் தலை எண்ணிக்கையைவிட இந்தக் கடைசிப் பட்டியல்தான் தேவை என்று நினைக்கிறேன்.

வட்டார மருத்துவ அலுவலரிடம் முறைப்படி கடிதம் கொடுத்துக் கேளுங்கள். பெயர் கேட்காதீர்கள். குக்கிராமப் பெயரும் எண்ணிக்கையும் போதும். ஒரு பெண்ணின் கர்ப்பத்தையும் ஒரு ஆளின் நோயையும் வரைபடத்தில் புள்ளியாக வைக்கும் உரிமை நமக்கு இல்லை.

நிலஅளவை_ஓய்வு:
அம்மா சொன்னதுதான் சரி. அதோட ஊராட்சிச் செயலரைப் பாருங்க. வீட்டு வரிப் பதிவேட்டுல தெரு வாரியா, குக்கிராமம் வாரியா வீடு இருக்கும். பூட்டிக் கிடக்குற வீடும் அதுல வரும், புறம்போக்குல இருக்குற குடிசை சில இடத்துல வராது. ரெண்டையும் மனசுல வச்சுக்குங்க.

எல்லைக்கோடு:
இணையத்திலேயே குக்கிராம அளவில் கிடைப்பவை இரண்டு. ஒன்று, ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டத்தின் குடியிருப்புப் பட்டியல். 2019-இல் தொடங்கிய திட்டம் என்பதால் வீடுகள் எண்ணிக்கை 2011-ஐவிடப் புதிது. இரண்டு, பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டம் வெளியிட்ட குடியிருப்புப் புள்ளிகள். அட்சரேகை, தீர்க்கரேகையோடு மக்கள் தொகையும் இருக்கும். ஊர் எங்கே இருக்கிறது என்பதற்கு இரண்டாவது மிக நல்லது. எண்ணுக்கு அதை எடுக்காதீர்கள், பழைய கணக்கு. எண்கள் எல்லாம் 50, 100, 150 என்று வரிசையாக முடிந்தால், யாரோ உட்கார்ந்த இடத்தில் நிரப்பியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாக்காளர் பட்டியலையும் சிலர் சொல்வார்கள். பாகத்துக்குள் பிரிவு வாரியாகத் தெருவும் குக்கிராமமும் பிரிந்திருக்கும். 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டும். வெளியூர் போனவர் பெயர் ஊரிலேயே தங்கிவிடும். ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

காத்திருப்போம்:
2027 கணக்கெடுப்பு வரப்போகிறதே, அதுவரை பொறுத்தால் என்ன? 2011-இன் பழைய எண்ணை வைத்துக்கொண்டு இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டுமா?

கட்டம்100:
2027 கணக்கெடுப்பின் மேற்கோள் நாள் (எந்த நாளின் மக்கள் தொகையாகக் கணக்கு வைக்கப்படுகிறதோ அந்த நாள்) மார்ச் 1, 2027. 2011 கணக்கு எடுக்கப்பட்டது பிப்ரவரி 9 முதல் 28 வரை. கிராம அளவிலான இறுதி எண்கள் வந்தது 2013-இல். இந்த முறை கைபேசிச் செயலியில் எடுப்பதால் சீக்கிரம் வரலாம். வந்தாலும் அது வருவாய் கிராம எண்ணாகவே வெளியானால் குக்கிராமப் பிரச்சினை அப்படியே இருக்கும். இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துபோன பாட்டி அதுவரை காத்திருக்க முடியாது.

தரவுத்தேனீ:
கட்டம்100-க்கு ஒரு கேள்வி. ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தார் 2025-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வைப் பார்த்தீர்களா? அணை கட்டும்போது இடம்பெயர்க்கப்பட்ட மக்களின் கணக்கை வைத்து, 35 நாடுகளில் 307 ஊர்ப்புறப் பகுதிகளில் இந்த உலகளாவிய கட்டத் தரவுகளைச் சோதித்திருக்கிறார்கள். ஊர்ப்புற மக்களை 53 முதல் 84 சதவீதம் வரை குறைத்துக் காட்டுகின்றன என்பது முடிவு. பிறகும் வேர்ல்ட்பாப் போதும் என்கிறீர்களா?

கட்டம்100:
படித்தேன். முக்கியமான வேலை. இழப்பீடு கொடுப்பதற்காகத் தலை எண்ணி எடுத்த கணக்கு என்பதால் ஒப்பீட்டுக்கு நல்ல அளவுகோல். அது சோதித்தது 1975 முதல் 2010 வரையான வரைபடங்களை. பகுதிகளும் உலகம் முழுக்கச் சமமாகப் பரவியவை அல்ல, சீனாவின் பங்கு மிகப் பெரியது. அந்தச் சதவீதத்தை அப்படியே கொல்லிமலைக்குப் பெருக்கிப் போடக் கூடாது. சிறிய, சிதறிய ஊர்களில்தான் இந்தத் தரவுகள் அதிகம் பிசகும் என்ற திசை மட்டும் நமக்கும் பொருந்தும்.

மாவட்டம், வட்டம் என்று பெரிய அளவில் திட்டமிடுபவருக்கு வேர்ல்ட்பாப் போதும் என்பதில் இன்னும் உறுதியாக இருக்கிறேன். அரை மணி நேர நடைக்குள் எத்தனை பேர் என்ற கேள்விக்குப் போதாது. செவிலியக்கா சொன்ன மரத்தடி வீட்டுக்கு என்னிடம் பதில் இல்லை.

வன்னி_மண்:
இலங்கையிலிருந்து ஒரு குறிப்பு. எங்களுக்கு ஆகச் சிறிய அலகு கிராம அலுவலர் பிரிவு. நாட்டில் கிட்டத்தட்ட 14,000 பிரிவுகள். தமிழ்நாட்டு வருவாய் கிராமத்தை விடச் சிறிசு எண்டபடியால் இந்தக் கரைச்சல் கொஞ்சம் குறைவு. ஆனால் வடக்கில் 1981-க்குப் பிறகு முழுமையான கணக்கெடுப்பு 2012-இல்தான் நடந்தது. இடைப்பட்ட 30 வருசத்தில் போர், இடப்பெயர்வு. பழைய எண்ணை வளர்த்துப் போடும் எந்த முறையும் இங்கே வேலை செய்யாது. இன்னொன்று, ஆட்கள் வெளிநாட்டில், வீடு மட்டும் வடிவாக நிற்கும். கூரை எண்ணினால் ஊர் நிறைஞ்சிருக்கும், போய்க் கதைத்தால் ஒரு அம்மம்மாதான் இருப்பா. உங்கள் பக்கமும் வேலைக்குப் போன குடும்பங்களின் பூட்டிய வீடுகள் இருக்குமே, அதை எப்படிக் கழிக்கிறீர்கள்?

செவிலியக்கா:
இருக்கின்றன தம்பி. திருப்பூருக்கும் கேரளத்துக்கும் காப்பித் தோட்டங்களுக்கும் குடும்பத்தோடு போவார்கள். தைப் பொங்கலுக்கும், ஆடிப்பெருக்கை ஒட்டிய வல்வில் ஓரி விழாவுக்கும் திரும்பிவிடுவார்கள். அந்த நாள்களில் எண்ணினால் ஒரு எண், மற்ற மாதங்களில் வேறு எண். குக்கிராமத்துக்கு இரண்டு எண் வையுங்கள்: எல்லோரும் இருக்கும்போது எத்தனை, வேலைக்குப் போன மாதத்தில் எத்தனை. போகாமல் இருப்பவர்கள் யார் என்று பார்த்தால் முதியவர்களும் சிறு பிள்ளைகளும். வண்டிக்கு வரப்போகிறவர்களும் அவர்களே.

மலைப்பாதை:
எல்லோருக்கும் நன்றி. இப்படிச் செய்யப்போகிறேன்.

குக்கிராமங்களின் இடத்துக்குச் சாலைத் திட்டப் புள்ளிகள். விடுபட்டவற்றை ஊராட்சிச் செயலரிடம் கேட்டுச் சேர்ப்பேன். வீடுகள் எண்ணிக்கைக்கு வீட்டு வரிப் பதிவேட்டையும் ஜல் ஜீவன் பட்டியலையும் ஒப்பிட்டு, அதிகம் முரண்படும் ஊர்களுக்கு மட்டும் நேரில் போவேன். மலையில் கட்டட வடிவங்களைப் பயன்படுத்தப் போவதில்லை. கீழே சேந்தமங்கலம் ஒன்றியத்தில் பண்ணைகளையும் ஜவ்வரிசிக் களங்களையும் கையால் நீக்கிவிட்டு, தோட்டத்து வீடுகளைக் கண்டுபிடிக்க மட்டும் எடுப்பேன், ஏனென்றால் அவை எந்தக் குக்கிராமப் பட்டியலிலும் தனியாக வருவதில்லை. 2011 மொத்தம் ஒரு சரிபார்ப்பாக இருக்கும். நான் கூட்டிய எண் ஒரு வருவாய் கிராமத்தில் அதிலிருந்து வெகுதூரம் விலகினால் காரணம் தேடுவேன்.

இரண்டு சந்தேகம். மலையில் அரை மணி நேர நடையை 2 கிலோமீட்டர் வட்டமாகப் போடலாமா? வரைபடத்தை இணையத்தில் வெளியிடலாமா?

எல்லைக்கோடு:
வட்டம் வேண்டாம். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊரும் வட்டத்துக்குள் வந்துவிடும், நடந்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும். எஸ்ஆர்டிஎம் 30 மீட்டர் உயரத் தரவிலிருந்து சரிவை எடுத்து, டோப்ளர் நடை விதியில் (சரிவுக்கு ஏற்ப நடை வேகத்தைச் சொல்வது) நேரமாக மாற்றுங்கள். அந்த விதி சமதரையில் மணிக்கு 5 கிலோமீட்டர் என்று எடுத்துக்கொள்கிறது. மூட்டுவலிக்காரருக்கு அது மிக வேகம், பாதியாகக் குறையுங்கள். ஒற்றையடிப் பாதைகள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அரைகுறையாகத்தான் இருக்கும், தெரிந்தவற்றைச் சேர்த்துவிடுங்கள், அடுத்தவருக்கும் ஆகும்.

சமவெளிக்கு ராஸ்டர் ஏதாவது எடுத்தால் ஒரு எச்சரிக்கை. ஜிஎச்எஸ்-பாப் 100 மீட்டர் தரவு மொல்வைடே வீழலில் (உருண்டையான பூமியைத் தட்டையாக விரிக்கும் ஒரு முறை) வருகிறது. அதை மாற்றும்போது வழக்கமான பைலீனியர் முறையில் (அக்கம்பக்கக் கட்டங்களின் எடையிட்ட சராசரி) மறுகட்டமிட்டால் மொத்த ஆள்கணக்கு மாறிவிடும். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் கூட்டிப் பாருங்கள்.

செவிலியக்கா:
வெளியிடுவதைப் பற்றி: காப்புக்காட்டு ஓரம் பட்டா இல்லாமல் இருக்கும் வீடுகளின் புள்ளியை வெளியே காட்டாதீர்கள். அவர்களுக்கு அது வெறும் வரைபடம் அல்ல, வெளியேற்றும் பயம். ஊராட்சி அளவில் கூட்டிய எண்ணை வெளியிடுங்கள். குக்கிராமக் கோப்பு உங்கள் அலுவலகத்திலும் சுகாதார நிலையத்திலும் இருக்கட்டும்.

நிறுத்தம் குறிக்கும்போது சோளக்காட்டுச் சந்தையையும் ஒரு நிறுத்தமாக வையுங்கள். சந்தை நாளில் மூட்டையோடு பல நாட்டிலிருந்தும் ஆட்கள் அங்கே இறங்குவார்கள், வீட்டு வாசலில் பார்க்க முடியாத ஆண்களின் இரத்த அழுத்தத்தை அங்கே பார்த்துவிடலாம். நடக்க முடியாதவர்கள் சந்தைக்கு வர மாட்டார்கள், அவர்களுக்குக் குக்கிராம நிறுத்தம். இரண்டு வகை நிறுத்தத்துக்கும் தனித்தனியாக எண் போடுங்கள்.

மலைப்பாதை:
சரி அக்கா. அட்டவணையில் நிறுத்த வகைக்கு ஒரு நெடுவரிசையும், ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் எந்தப் பதிவேடு, எந்த மாதம் என்பதற்கு இரண்டு நெடுவரிசைகளும் சேர்த்துவிட்டேன். வட்டார மருத்துவ அலுவலருக்கான கடிதத்தை நாளைக்குக் கொடுக்கிறோம். முதலில் வாழவந்தி நாட்டை முடித்துவிட்டு, முரண்படும் ஊர்களின் பட்டியலை இங்கேயே போடுகிறேன்.